அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

"நோயாளிங்க உங்ககிட்ட சொன்னத வேற யாரும் படிக்கக் கூடாதுன்னு கேட்டீங்களேக்கா. இனிமே நம்மளாலயும் படிக்க முடியாது."

வேங்கிக்காலிலிருந்து வந்த பஸ் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞன், பக்கத்தில் நாற்பது வயதுப் பெண். அவர் எய்ட்ஸ் நோயாளிகள் இல்லத்தில் ஆலோசகர், அங்கே சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன் அவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பௌர்ணமிக்கு ரோடு அடைச்சுடுவாங்கன்னு ஆபீஸ சீக்கிரம் பூட்டினேன். அப்பதான் முதல்முறையா கம்ப்யூட்டரையும் அணைச்சேன். தப்பா தம்பி?"

"தப்பு என்னுதுக்கா. எழுத்தப் பூட்டி மறைக்கற பகுதி, புரோகிராம் ஆரம்பிக்கும்போதெல்லாம் புதுசா ஒரு சாவி போட்டுக்கற மாதிரி வெச்சிருந்தேன். டெஸ்ட்டுக்காக வெச்சது. சாவிய டிஸ்க்ல சேமிக்கச் சொல்லி மாத்தாமயே விட்டுட்டேன். அணைச்சதும் பழைய சாவி போயிடுச்சு."

"காப்பி எடுத்து வெச்சோமே?"

"அதுவும் அதே சாவியில பூட்டினதுதான்."

"உடைக்க முடியாதா?"

"நல்ல பூட்டுக்கா. உடைக்க முடியாதுன்னுதான் அதப் போட்டேன்."

பஸ் நின்றது. நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"நம்ம இல்லத்துல இருந்த செல்வி, சாகறதுக்கு முன்னாடி பொண்ணுக்குச் சொன்னதும் அதுலதான் இருக்கு. பொண்ணு வளர்ந்ததும் படிச்சுக் காட்டுங்கன்னா."

"நீங்கதானேக்கா டைப் பண்ணீங்க? ஞாபகம் இருக்கறத மறுபடி எழுதிடலாமே."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல வெச்சுக்க முடியாமதான் தம்பி அதுல ஏத்தினேன். ஏத்தின அன்னைக்கே மறந்துட்டேன்."