ஒரே அடுப்பு, ஒரே குதிரைக்காரர்

...இல்ல சார், அந்தப் புகைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல! தீயணைப்பு ஆபீசர் நீங்க, கோடாலியோட வந்து நிக்கறீங்க, உங்ககிட்ட பொய் சொல்வேனா? இந்த மண்டபச் சாவி பதினோரு வருஷமா என் இடுப்புலதான் தொங்குது. ஒரு நாள் அபாய மணி அடிச்சதுண்டா? இன்னிக்கு நீங்க பூட்டிட்டுப் போனீங்கன்னா, வெளிய பசியோட நிக்கற முந்நூறு பேரும் என்னைத்தான் வறுப்பாங்க!

காரணம் யாருன்னா... புனித ஜார்ஜ்தான் சார். ஒரு மனுஷன் ஒரு ஊருக்குக் காவல் இருக்கலாம், ரெண்டு ஊருக்கு இருக்கலாம். இவரு கூப்பிட்டவனுக்கெல்லாம் தலையாட்டியிருக்காரு. எத்தியோப்பியாக்காரனக் கேளுங்க, எங்காளுங்கறான். இங்கிலாந்துக்காரன் கொடியிலயே இவர் சிலுவையப் போட்டுக்கிட்டான். அந்தப் பக்கம் இவர் குதிரை ஒரு வாய் கொள்ளு தின்னதில்ல! குதிரை மேலேருந்து ஈட்டியால அந்த ராட்சசப் பாம்பைக் குத்தினது எங்க பெய்ரூத் கடற்கரையில. எழுதிக்குங்க... வேணாம், அத எழுதாதீங்க, வெளிய செர்பியாக்காரங்க இருக்காங்க.

இந்த மண்டபம் அவங்க கோயிலுக்கும் எங்க லெபனான் கோயிலுக்கும் பொது. மத்த வருஷம் தகராறே கிடையாது. ஜார்ஜ் திருநாள் எங்களுக்கு ஏப்ரல் இருபத்துமூணு, அவங்களுக்கு மே ஆறு. இந்த வருஷம் பாருங்க, எங்க ரெண்டு கோயிலோட பழைய கணக்குப்படி ஈஸ்டரே நேத்துதான். எங்க நாள் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்குள்ள மாட்டிக்கிச்சு. நோன்புல ஆட்டுக்கறி திங்க முடியுமா? ஈஸ்டருக்கு மறுநாள் வச்சுக்கன்னு சாமியார் தள்ளிட்டாரு. மறுநாள் என்ன தேதி? மே ஆறு! நான் காலண்டரப் பாக்காம ரெண்டு பக்கமும் சரின்னுட்டேன். ரெண்டு கூட்டம், ரெண்டு ஆடு, ஒரே அடுப்பு!

காலைலேருந்து நடுவுல நிக்கறேன் சார். மிலியானா, செர்பியாக்காரங்க சமையலுக்கு அவதான் தலைவி, சொல்றா: "உங்க ஆட்டுல கொழுப்பு ஜாஸ்தி, அதான் புகையுது." எங்க வதாத் அக்கா விடுவாளா? "எங்களுக்கு ஆட்டுல மட்டுந்தான்டி கொழுப்பு!" கரண்டி பறந்துச்சு. இந்தா, காதுகிட்ட பாருங்க, அது யார் கரண்டின்னு இன்னும் தெரியல.

யார் ஆடு கருகிச்சுன்னு தெரிஞ்சாத்தான் ரெண்டு கோயிலும் இனிமே பேசிக்கும். தெரியலன்னா மண்டபத்துக்கு நடுவுல சுவரு எழுப்பிடுவாங்க...

இருங்க, ஏன் அடுப்புக் கதவத் திறக்கறீங்க? மேல்தட்டு மிலியானாவோடது. பொன்னு மாதிரி இருக்கு பாத்தீங்களா? நடுத்தட்டு வதாத் அக்கா. அதுவும் பொன்னுதான். கீழ...

கீழயா? அது... அது ஒண்ணுமில்ல சார்.

எம் பேரும் ஜிர்ஜிஸ்தான், எங்க பாஷையில ஜார்ஜ். என் பேர்க்காரப் புனிதர் திருநாள்னா எனக்கும் பேர்நாள். பொண்டாட்டி போனப்புறம் எனக்குன்னு யாரு சுட்டுத் தரா? ஒரு தொடை. சின்னத் தொடை சார். விடிகாலைல எல்லாருக்கும் முன்னாடி உள்ள தள்ளினேன். அப்புறம் இவங்க சண்டைய விலக்கப் போயி...

சார், அந்தக் கருகின தட்ட எங்க எடுத்துட்டுப் போறீங்க? வெளியயா? ரெண்டு பேருமா வாசல்ல நிக்கறாளுங்க! சார்... ஆபீசர் சார்! மண்டபத்தப் பூட்டிருங்க சார், இந்தாங்க சாவி, என்னை உள்ள வச்சுப் பூட்டிருங்க!