முழங்காலுக்குக் கீழே வெளிச்சம்

விடியற்காலை மூன்று மணி. ஏரிக்கரைச் சாலை... ஈ காக்கை கிடையாது. இதோ, இங்கே உட்கார்ந்திருக்கிறானே நம் எலக்ட்ரீஷியன், இவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

சித்தப்பா பால்வண்டி ஓட்டுகிறவர். அன்று வண்டியில் பால் இல்லை. பக்கத்து இருக்கையில், கம்பளி சுற்றிய ஏழு வயது மகள். இழுப்பு. ஒவ்வொரு மூச்சும் கீச்... கீச்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் பனிமூட்டம். பெரிய லைட்டைப் போட்டார். வெளிச்சம் பனியில் சிதறி அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. எதிரே வெள்ளைச் சுவர். டிம் செய்தார்... நாலடி தெரிந்தது.

கூட வந்த மச்சான், மனைவியின் தம்பி, டார்ச்சோடு இறங்கி முன்னால் நடந்தான். பனியில் அப்படித்தான் ஓட்டுவார்கள். பதற்றத்தில் டார்ச்சை நெஞ்சுக்கு நேரே பிடித்தான். வெளிச்சம் பஞ்சுப் பொதியாக உப்பி, இருந்த சாலையையும் மறைத்தது.

"டேய், முழங்காலுக்குக் கீழ பிடிடா! எத்தன தடவ சொல்றது?"

வாய்க்கால் பாலம். டார்ச் வெளிச்சம் சட்டென்று மறைந்தது. ஹாரன் அடித்தார்... பதில் இல்லை. மகளின் கீச்சும் நின்றிருந்தது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். பாவி மனுஷன்... வேறென்ன நினைப்பார்?

வெளிச்சம் மறுபடி வந்தது. இந்தத் தடவை தாழ்வாக, தரையை ஒட்டி, ஆடி ஆடி. சாலையின் ஓரம் பளிச்சென்று தெரிந்தது.

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று பின்னாலேயே உருட்டினார். திருப்பங்களில் அது நின்றது. அவர் நெருங்கியதும் நகர்ந்தது. கேபினுக்குள் எங்கிருந்தோ ஈரச் சேற்று வாசனை. "சாமி, எம்புள்ளையக் காப்பாத்து" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் வெளிச்சம் அணைந்தது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பொழுது விடிந்த பிறகுதான் மச்சான் நொண்டிக்கொண்டு வந்தான், உடம்பெல்லாம் நனைந்து.

"பாலத்துலயே விழுந்துட்டேன் மாமா. டார்ச்சும் தண்ணியில போயிருச்சு. கத்துனேன்... நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

சித்தப்பா அவனையே பார்த்தார். அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். கையில் ஈரப் பஞ்சு. கம்பளியைக் கால்பக்கம் விலக்கியிருந்தாள். குழந்தையின் பாதங்கள்... கணுக்கால்வரை சேறு.

"ஏன் சார்... மூச்சுக்குத் திணறுற புள்ளைய இவ்வளவு தூரம் நடக்கவா விட்டீங்க?"