ஆறாவது துளை

உங்கள் ஸ்டேஷன் அறை நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது ஐயா. கல்குவாரி வெயிலில் முப்பது வருடம் நின்றவனுக்கு இதுவே பெரிய சுகம்.

எந்த இடத்தில் எத்தனை துளை, எவ்வளவு ஆழம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெடிமருந்து என்று வரைந்து கொடுப்பது என் வேலை. துளை போடுகிறவர் என் தங்கையின் கணவர். பாறைக்குள் இயந்திரம் இறங்கும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது கல்லா மண்ணா என்று சொல்லிவிடுவார். அவரை வேலைக்குச் சேர்த்ததும் நான், பெண் கொடுத்ததும் நான்.

துளை போடுவதில்தான் செலவு அதிகம். டீசல், தேய்ந்துபோகும் முனை, கூலி. மருந்து அதைவிட மலிவு. அதனால் துளைகளைத் தள்ளித் தள்ளி வைத்து நாற்பதை முப்பதாக்கினேன். ஒவ்வொன்றிலும் மருந்தைக் கூட்டி, மேலே சல்லி போட்டு அடைக்கும் உயரத்தைக் குறைத்தேன். கல் பொடிப்பொடியாக உடைந்தால் முதலாளி இனி என் வரைபடத்தையே வைத்துக்கொள்வார். பெரிய பெரிய பாறையாக விழுந்தால் மறுபடி உடைக்க வேண்டும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வெடி வைத்த அன்று பார்க்க முதலாளியே வந்திருந்தார்.

"ஆறாவது துளையில பன்னிரண்டு அடிக்குக் கீழ மண்ணு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "முன்பக்கம் வரைக்கும் ஓடுது. அங்க மருந்து வச்சா கல்லு அந்தப் பக்கமா பறக்கும், சல்லி போட்டு நிரப்பிடலாம்."

"பாத்துக்கறேன் மாப்பிள்ளை."

"நோட்டுலயும் எழுதியிருக்கேன்."

"சரி. நீங்க போய் ரோட்டு வளைவுல வண்டி வராம நிறுத்துங்க."

மருந்தை நான் குறைக்கவில்லை. மண் இருந்த பக்கமாகக் கிளம்பிய கல் ஒன்று, வளைவில் சிவப்புக் கொடியோடு நின்றவரின் தொடையில் விழுந்தது.

நான்தான் முதலில் போனேன். நான் விசில் ஊதும்வரை யாரும் மறைப்பை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. யாரும் மீறவில்லை.

"வண்டிய வரச் சொல்லுங்க மச்சான்," என்றார். தெளிவாகத்தான் பேசினார். "இதோ," என்று சொல்லி, அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் முப்பது துளைகளையும் திரும்ப எழுதினேன். ஆறாவதற்கு நேரே, 'முழுக்கக் கல்'. அவர் எழுத்து இடப்பக்கம் சாயும், அவசரப்பட்டால் பிசகிவிடும். கால் மணி நேரம் பிடித்தது. நோட்டைக் கொண்டுபோய் அவர் பையில் வைத்துவிட்டு விசில் ஊதினேன்.

ரத்தம் போனதுதான் காரணம், கால் மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். துளை போட்டவரின் கவனக்குறைவு என்று விசாரணையை முடித்தார்கள்.

"மண்ணக் கல்லுன்னு அவரு எழுத மாட்டாரே அண்ணே," என்று தங்கை ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு, என் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தோ என்னவோ, "போகட்டும், கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்க. அவரு தனியா சாகல," என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

மருந்தைக் குறைக்காததும் தாளை மாற்றியதும் நான்தான். அவரைச் சாகடித்தது கல் இல்லை, அந்தக் கால் மணி நேரம். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுத வேண்டும் ஐயா: வண்டி வந்த பிறகு, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, நான் அவர் கையை விடவே இல்லை.