பாலாறு ராஜா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது குறித்து

08.06.2007 வெள்ளிக்கிழமை மாலை 5.40 மணிக்கு ஆம்பூர் பஜாரில் மாடியில் இருக்கும் பிரவுசிங் சென்டரில், என்னையும் சேர்த்து ஆறு பேர் இருக்கும்போது நடந்த அடிதடி பற்றி, மறுநாள் காலை காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் சொன்னது:

என் பெயர் ஜெஃப்ரி, வயது 23, த/பெ கிருபானந்தம், சர்ச் பின்தெரு, ஆம்பூர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து மேற்படி சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அடிபட்ட ரெனால்டும், அடித்த வாஹித் பாஷாவும், நானும் மிஷன் பள்ளியில் ஒரே வகுப்பு. ரெனால்ட் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான், ஞாயிறு லீவு. வாஹித் டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறான், வெள்ளி லீவு. ஆளுக்கு வாரம் ஒரு நாள் ஆடினால் சென்டரில் ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் முன்னேற முடியாது என்று இருவரும் சேர்ந்து ஒரே வீரனை ஆடினார்கள். வெள்ளியில் வாஹித் விட்ட இடத்திலிருந்து ஞாயிறு ரெனால்ட் ஆடுவான். வீரனுக்கு வைத்த பெயர் பாலாறு ராஜா. தண்ணியே இல்லாத ராஜா என்று நான் கிண்டல் செய்வேன்.

ஆட்டம் வாளும் மந்திரமும் உள்ள ராஜா காலத்துக் கதை. 01.06.2007 வெள்ளியன்று ராஜாவின் கோட்டை வாசலுக்கு அகதிகள் வந்தார்கள். அதில் ஒரு கொல்லன், முன்பு ராஜாவின் உடைந்த வாளை இனாமாகச் சரிசெய்து கொடுத்தவன். வாஹித் அவர்களை உள்ளே விட்டு, காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கும் பட்டனை அமுக்கினான். ரெனால்டிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனான். நானும் சொன்னேன்.

அதன் பிறகு ஞாயிறு சர்ச் முடிந்து ரெனால்ட் வந்து ஆடியபோது எதிரிப் படை கோட்டையைச் சூழ்ந்தது. அகதிகளைக் கொடு, இல்லையென்றால் ஊரைக் கொளுத்துவோம் என்று திரையில் வந்தது. இரண்டே பட்டன். இரண்டிலும் ஜனங்கள் சாவார்கள், அப்படித்தான் ஆட்டத்தைச் செய்தவன் அந்தக் கதையை எழுதியிருக்கிறான். ரெனால்ட் வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதன் பிறகு கதவைத் திறந்து அகதிகளைக் கொடுத்துவிட்டான்.

இந்த இடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள், "பொம்மைக்கா தம்பி இவ்ளோ ரத்தம்? அழிச்சிட்டு மொதல்ல இருந்து ஆட வேண்டியதுதான?" என்று கேட்டார்கள். முடியாது. இது ஆன்லைன், சர்வர் எங்கேயோ இருக்கிறது. அமுக்கினது அமுக்கினதுதான். இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு 08.06.2007 அன்று தொழுகை முடிந்து, சாப்பிட்டு, வாஹித் வந்து உட்கார்ந்தான். ஆடவில்லை. "இன்னாடா, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். "இல்ல. கொல்லன் இல்ல" என்றான். திரையில் கொல்லன் பட்டறையும் கீழே கிடந்த சுத்தியலும் மட்டும் தெரிந்தன. அப்படியே மாலை வரை உட்கார்ந்திருந்தான்.

5.40-க்கு ரெனால்ட் கம்பெனியிலிருந்து, கையில் ஒட்டிய பசை காயாமல் வந்து, "இன்னா பாய், ராஜா சவுக்கியமா?" என்றான்.

"வாக்கு குடுத்தது யாருடா?" என்றான் வாஹித்.

"நீ குடுத்த."

"ராஜா குடுத்தாரு. ராஜா ஒருத்தர்தான்."

"உள்ள பொடிப்பசங்க இருந்தாங்கடா, எல்லாத்தையும் எரிக்கச் சொல்றியா? நீ பாட்டுக்கு வாக்கு குடுத்துட்டு டிரம் ஓட்டப் போய்ட்ட. வாசல்ல நின்னது நானு."

வாஹித் "யூதாஸ்" என்றான். சொல்லிவிட்டு கீபோர்டைப் பிடுங்கி அடித்தான். ரெனால்ட் பின்னால் சாய்ந்து, யுபிஎஸ் வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டில் தலை மோதி விழுந்தான். அதன் பிறகு வாஹித்தே தன் கர்ச்சீப்பைக் கட்டி, அவனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஆட்டோவில் ஏற்றினான். போலீஸ் அவனைப் பிடித்தது ஆஸ்பத்திரி வாசலில். அவன் ஓடவில்லை.

இன்று காலை ரெனால்டின் சித்தப்பா ஜோசுவா என் வீட்டுக்கு வந்தார். எங்கள் சர்ச் கமிட்டியில் இருப்பவர். "டேய் ஜெஃப்ரி, நம்ம மதத்த இழுத்துப் பேசி அடிச்சான்னு ஒரு வரி சொல்லு, போதும். பொய் இல்லியே, யூதாஸ்னு சொன்னான்ல?" என்றார். அந்த ஒரு வரி விழுந்தால் செக்‌ஷன் மாறும், வாஹித்துக்கு ஜாமீன் கிடைக்காது, பஜார் இரண்டாகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "அங்கிள், நான் கேட்டத மட்டும்தான் சொல்வேன்" என்றேன். "உங்க அப்பா மூஞ்சிய நாளைக்கு ஆராதனைல எப்படிப் பாக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையை மறைத்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மறைக்கவில்லை. சொன்னான். ஆனால் மதத்தைச் சொல்லவில்லை, ரெனால்டைச் சொன்னான். நம்பினவனைக் காட்டிக் கொடுப்பவனுக்கு எங்கள் மூவருக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பெயர் அது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். எழுதினார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது ரெனால்ட் என்னிடம், "நீயா இருந்தா எத அமுக்கியிருப்ப?" என்று கேட்டான்.

எழுதியதை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். சொன்னது இருக்கிறது, சொல்லாதது இல்லை, அத்தனையும் உண்மை. இனி என்ன செய்வாய் என்று கேட்டதால் அதையும் சொல்கிறேன்:

1. கோர்ட்டில் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன், யூதாஸ் என்ற வார்த்தை உட்பட.

2. பாலாறு ராஜாவை அழிக்கச் சொல்லி சென்டர் ஓனர் சொல்கிறார். இருவரும் ஒன்றாக வந்து சொல்லாமல் அழிக்க மாட்டேன்.

3. வாஹித் வெளியே வந்ததும் ரெனால்டிடம் கூட்டிப்போய், நானாக இருந்தாலும் கதவைத் திறந்து கொடுத்திருப்பேன் என்று இருவர் முன்னாலும் சொல்வேன். வாஹித் அடித்தால் வாங்கிக்கொள்வேன். புகார் கொடுக்க வர மாட்டேன்.

(ஒப்பம்)
கி. ஜெஃப்ரி
09.06.2007