நகராத முள்

— லேப் சாவிய மேஜை மேல வெச்சுட்டேன் கார்த்திக். வாங்க, வீட்டுக்குப் போலாம். இனிமே இந்தக் காலேஜுக்கு நான் பாடம் எடுக்க வரமாட்டேன்.

— அட, இரு த்ரிசலா. ஃபோன்ல அழுதுக்கினே பேசினா எனக்கு இன்னா புரியும்? செங்கம் ரோட்ல நம்ம கெஸ்ட் ஹவுஸ அப்டியே வுட்டுட்டு ஓடியாறேன். இன்னா ஆச்சு?

— என் பொறுப்புல இருந்த ஃபோட்டோசெல் செத்துப்போச்சு. நாளைக்கு பசங்களுக்கு பிராக்டிகல், வேற செல்லும் இல்ல. பொறுப்பில்லாதவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை கெடையாதுன்னு ஹெச்.ஓ.டி. பசங்க முன்னாடியே சொல்லிட்டாங்க.

— சரி வுடு. செல்லுன்னா, பேட்டரியா?

— ஐயோ, இல்லைங்க. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள ஒரு தகடு. வெளிச்சம் பட்டா தகட்டுலேர்ந்து எலக்ட்ரான் தெறிக்கும், மீட்டர்ல முள்ளு நகரும். பூஜை லீவுக்கு முன்னாடி நல்லா நகந்துது. இப்ப அசையவே இல்ல.

— பல்பு டல்லா இருக்கும். ஜாஸ்தி வெச்சுப் பாரேன்.

— ஃபுல்லா வெச்சுட்டேன். கேளுங்க, வெளிச்சம் தூள் தூளாத்தான் வருது. ஒரு தூளு போயி ஒரு எலக்ட்ரானத் தட்டணும். செவப்புத் தூளுக்கு பலம் கம்மி. எத்தனை கோடி வந்தாலும் இந்தத் தகட்டுல ஒண்ணு கூட தெறிக்காது. ஊதான்னா மங்கலா இருந்தாலும் போதும். புரியுதா?

— பொடிக்கல்லு ஆயிரம் வுட்டாலும் மாங்கா வுழாது, நல்ல கல்லு ஒண்ணு போதும்ன்ற.

— அதேதான்! ஊதா ஃபில்டர் போட்டுமே நகரல. அப்ப செல்லு போச்சுன்னுதானே அர்த்தம்?

— எனக்கு இன்னா தெரியும்? பெட்டில வெளிச்சம் போற இந்த ஓட்டைல எட்டிப் பாத்தா செவப்பா தெரியுது. அது அப்டிதான் இருக்குமா?

— செவப்பாவா? தள்ளுங்க. ஃபோன்ல டார்ச் அடிங்க.

— ம், பாரு.

— குங்குமம்! ஓட்டைக் கண்ணாடி மேல குங்குமம்ங்க! ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு. அப்புறம் யாரோ ஈரத்துணியால தொடச்சு, கண்ணாடி பூரா இழுவி வெச்சிருக்காங்க. செவப்பு மட்டும்தான் உள்ள போவுது. ஊதா வாசல்லயே நின்னுடுது!

— மாங்காவ அடிக்கிற கல்லு தோப்புக்குள்ளயே வரல.

— கர்ச்சீப் குடுங்க. மெதுவா... ஆங், போயிடுச்சு. ஸ்விட்சப் போடுங்க.

— போட்டேன்.

— நகருது! கார்த்திக், முள்ளு நகருதுங்க!

— அடிப்பாவி, இப்பவும் அழுவுறியே!

— சந்தோஷத்துலங்க. செல்லு சாகல. வழி விடுங்க.

— இப்ப எங்க ஓடற?

— ஹெச்.ஓ.டி. ரூமுக்கு. எந்தப் புத்திகெட்டது கண்ணாடி மேல பொட்டு வெச்சுதுன்னு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன். பசங்க முன்னாடி என்னைய அழ வெச்சாங்கல்ல?

— கொஞ்சம் நில்லு, கண்ணு. பூஜை அன்னிக்கு நீ எனக்கு அனுப்பின படம் இதோ இருக்கு. இந்தப் பெட்டிகிட்ட குங்குமக் கிண்ணத்தோட சிரிச்சுக்கினு நிக்கிறது நீதான்.