மோட்டாரு வூட்டுப் பொண்ணுக்கு ரெண்டு சீட்டு

மொதமொதல்ல எனக்குக் கெடுதல் செஞ்சது யாருன்னு ஊர்ல எவனக் கேட்டாலும் வேடியப்பன்னு தான் சொல்லுவான். தப்பு. மொத ஆளு நீ தான் தெய்வசிகாமணி. வேடியப்பன் உனக்குப் பின்னாடி தான். வாயத் தொற. இன்னும். தாடைய நெஞ்சுப் பக்கமா எறக்கு... ம், இப்ப முழுங்கு. மெதுவா மச்சான், பொர ஏறுச்சின்னா உன் தங்கச்சி என்னத் தான் புடிச்சிக்குவா. வேணும்னே ஊத்துனியான்னு கேப்பா.

இன்னா கதவயே பாக்கற? உன் தங்கச்சி ராஜாம்பாளு ஏரி வேலைக்குப் போயிருக்கா. நூறு நாள் வேலை. அவ வர்ற வரைக்கும் உனக்கு நான், எனக்கு நீ. இன்னா தலையெழுத்து பாரு. ஊர்ல எத்தினி பேருக்குப் பக்கவாதம் வருது, அவனவன் அவனவன் வூட்ல கெடக்கறான். உனக்குப் பொண்டாட்டியும் பூட்டா, புள்ளையும் இல்ல, நேரா என் வூட்டுக் கட்டிலு தான் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி. மச்சான்ற மொறைக்கு உன் எச்சி வாய நான் தொடைச்சிகினு இருக்கறன். த்தூ.

இன்னா ஆமா? எதுக்கு இப்ப ஆமா? நான் ஒண்ணும் கேக்கலயே.

இரு, கன்னத்துல அடக்கி வெச்சிருக்க பாரு. நாக்க அந்தப் பக்கம் போடு. வராதா? சரி, நான் வெரல வுட்டு எடுக்கறன். கடிச்ச, அவ்ளோ தான் சொல்லிட்டன். கருமம் கருமம். இன்னா இது? நேத்து கொழம்புல கெடந்த கத்திரிக்கா தோலு. உன் வாய்ல இருந்து எனக்குக் கெடைக்கறது இது தான்.

காலேஜு விசயம் தான? சொல்றன், கஞ்சிய முடி. அம்சவள்ளி இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸா மங்களூரான்னு சொல்லியாவணும்னு கெடு. முடிவு ஆயிடுச்சி. பாரு, இதுக்கு மட்டும் எப்பிடி கண்ணத் தொறக்கற. என் பொண்ணு படிப்புல எனக்கு இருக்கற அக்கறய விட உனக்குத் தான் ஜாஸ்தி. இருக்காதா பின்ன? மருமவ படிச்சிட்டு வந்து மாமன் வாயத் தொறக்க வெப்பான்னு நீயும் கணக்குப் போட்டுகினு தான் படுத்திருக்க. நானும் தான் போட்டன்.

பேச்சு வராதவங்களப் பேச வெக்கற படிப்புன்னு ஊர்ல எவன் கிட்டயாவது சொல்ல முடியுதா? கரும்பு வெட்டற எடத்துல சொன்னா சிரிக்கறானுங்க. பேசறதுக்கு ஒரு படிப்பா மோட்டாரு, எங்க வூட்டுப் பொம்பளைங்க படிக்காமயே இந்தப் பேச்சுப் பேசுதுங்களேன்றான் ஒருத்தன். நாலு வருசம் படிச்சி பத்தாம அதுக்கு மேல இன்னொரு படிப்பான்றான் இன்னொருத்தன். நாத்தம் புடிச்ச வாயிங்க. இவனுங்க அப்பனுக்கு ஒரு நாளைக்கு வாய் கோணுச்சின்னா தெரியும், பேச்சுன்னா இன்னான்னு.

உனக்கு அப்பிடித் தான ஆச்சி. மூங்கில்துறைப்பட்டு மில்லுல கரும்பு எறக்கிட்டு வந்த, டீக்கட பெஞ்சில ஒக்காந்த, அப்பிடியே சாஞ்ச. சோத்துக் கையும் பூடுச்சி, பேச்சும் பூடுச்சி. மிச்சம் நின்னது ஒரே ஒரு ஆமா. சோறு துன்னியான்னா ஆமா. துன்னலியான்னாலும் ஆமா. மொதல்ல உனக்குப் புத்தி பூடுச்சின்னு தான் நெனச்சன். அம்சவள்ளி தான் சொன்னா, இல்லப்பா, மாமாவுக்கு நாம சொல்றது புரியுது, மூளையில வார்த்த இருக்கற எடத்துல தான் ரத்தம் கட்டிகிச்சி, அந்த ஆமா கூட அவரு சொல்றது இல்ல, அது தானா வருதுன்னு. தலைய ஆட்டறயே, அதையும் நம்பக் கூடாதாம். ஆனா நான் பேசறதெல்லாம் உனக்கு ஒழுங்கா வெளங்குது. நல்லது. படுத்துகினு கேளு.

மோட்டாரு, மோட்டாருன்றானுங்களே, எனக்கு சின்னதுரைன்னு பேரு வெச்சது எங்கப்பன். மோட்டாருன்னு பேரு வாங்கிக் குடுத்தது நீ. மறந்துடுச்சின்னு சொல்லாத. வேடியப்பன் கெணத்து மோட்டாரு காணாமப் போன அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. வெள்ளிமலையில மரவள்ளிக் கெழங்கு புடுங்கற வேலை இருக்குது வா மாப்ளன்னு நீ தான் கூட்டிகினு போன. நானும் நம்பி வந்தன். மலை மேல நான் கெழங்கு புடுங்கிகினு இருக்கறன், நீ காட்டுக்குள்ள பூந்து ரெண்டு சந்தனக்கட்டய வெட்டியாந்து கெழங்கு மூட்டையில சொருவிட்ட. எனக்கு அது கூடத் தெரியாது. கீழ எறங்கி வந்தப்புறம் வாசன தான் காட்டிக் குடுத்துச்சி.

வந்து சேந்தா, கோயிலாண்ட ஊரே நிக்கிது. எங்கடா போன ராத்திரி முச்சூடும்னான் வேடியப்பன். மலைக்குப் போனன், மச்சானக் கேளுங்கன்னன். எல்லாரும் உன்னப் பாத்தாங்க. நீ தரையப் பாத்த. நான் மலைக்கே போவலயே, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்ன. எவ்ளோ தெளிவா வந்துச்சி அன்னிக்கு வார்த்த! ஒரு திக்கு இல்ல, ஒரு தெணறல் இல்ல. மலைக்குப் போனத ஒத்துகினா சந்தனக்கட்ட வெளிய வந்துடும், பாரஸ்ட்டுக்காரன் தூக்கிகினு பூடுவான். உன் தோலு தப்பணும், என் தோலு உரிஞ்சா இன்னா? மோட்டாரு பூடுச்சி, அதோட பெல்ட்டு மட்டும் கெணத்து மேட்டுல கெடந்துச்சி. அத எடுத்தாந்து என் கழுத்துல மாட்டி தெருவ சுத்த வுட்டாங்க. உன் கூடப் பொறந்தவ வாசல்ல நின்னு பாத்தா. கழுத்துல கட்டுன புது மஞ்சக் கயிறு கூட இன்னும் மாத்தல அவளுக்கு.

அந்த மோட்டார எவன் எடுத்தானோ, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா பேரு எனக்கு. ரேஷன் கடைக்குப் போனா, மோட்டாரு வந்துடுச்சி பட்டன அமுக்குங்கடான்னு சிரிப்பானுங்க. உளுந்தூர்பேட்டையில பஸ்ஸுக்கு நின்னா கூட எவனாவது ஒருத்தன் எதிர்ப்பக்கம் இருந்து இன்னா மோட்டாருன்னு கத்துவான். உன்னக் கேக்காத நாளு உண்டா? நாலு பேரு எதிர்ல ஒரே ஒரு வாட்டி சொல்லு மச்சான், இவன் என்னோட மலையில இருந்தான்னு. பாரஸ்ட்டுக்காரன் புடிச்சிக்குவான்னு கொஞ்ச வருசம் இழுத்த. அப்புறமா, எல்லாரும் மறந்துட்டாங்க வுடு மாப்ளன்ன. யாரு மறந்தா? நீ மறந்த. வாய் இருந்தப்ப தொறக்கல. இப்ப நான் ஸ்பூன வெச்சித் தொறக்கறன்.

தண்ணியா? அப்பிடியே குடுக்கக் கூடாதுன்றது உன் மருமவ சட்டம். இதுல அந்தப் பவுட்ரப் போட்டு கூழு மாதிரி ஆக்கித் தான் குடுக்கணும். இந்தா. கொஞ்சமா.

அதனால தான், மேல் படிப்புக்கு ரெண்டு சீட்டு கெடச்சிருக்குதுப்பான்னு அவ சொன்னப்ப நான் யோசிக்கவே இல்ல. மெட்ராஸ்ல ஜாஸ்தி சின்னப் பசங்களாம். பேச்சு வராதது, திக்கறது, காது கேக்காதது. மங்களூர்ல இருக்கறது பெரிய ஆஸ்பத்திரியோட சேந்த காலேஜு. உன்ன மாதிரி வாய் இழுத்துகினவனுங்க வரிசையா படுத்துகினு இருப்பானுங்களாம். ரெண்டு வருசம் அவனுங்க கூடவே இருந்து, எப்பிடிப் பேச வெக்கறதுன்னு கத்துக்கலாமாம். மங்களூருன்னன். போம்மா, இன்னிக்கே போன்னன்.

கடத்தெரு பஷீர் அகமது பாய் தான் ஒரு முட்டுக்கட்ட போட்டாரு. நான் இரும்புக் கம்பி எறக்கற கட. என்னச் சின்னதுரைன்னு பேரு சொல்லிக் கூப்புடற ஒரே ஆளு அவரு தான், அதனால அவரு கேட்டா நான் நின்னு கேப்பன். மங்களூர்ல படுத்திருக்கறவன் இன்னா பாஷ பேசுவான் சின்னதுரைன்னாரு. கன்னடம் பேசுவான், துளு பேசுவான். அவன் தொலச்ச வார்த்தைய உங்க பொண்ணு எப்பிடித் தேடி எடுக்கும், அந்தப் பாஷ அதுக்கே தெரியாதேன்னாரு. நாயமான கேள்வி தான். எனக்குத் தூக்கமே இல்ல. அம்சவள்ளியக் கேட்டா, அதுக்குக் கூட இருந்து சொல்ல ஆளு இருப்பாங்கப்பா, நானும் கத்துக்குவன்னா. அப்ப மங்களூருதான், பேச்சே கெடயாதுன்னுட்டன்.

அதுக்குள்ள எனக்குப் பொறுக்கல. போன ஞாயித்துக்கெழமை வேடியப்பன நானே கூட்டியாந்தன். அவனுக்கும் வயசாயிடுச்சி, கோலு ஊணிகினு தான் வந்தான். இதோ இந்தக் கட்டிலு பக்கத்துல ஒக்கார வெச்சி உன்னக் கேட்டன், அன்னிக்கு நான் உன்னோட வெள்ளிமலையில இருந்தனா இல்லியான்னு. ஆமான்ன. கேட்டியா வேடியப்பா, உன் காதால கேட்டியான்னு கத்தறன். அந்த நாயி இன்னா பண்ணான்? குனிஞ்சி உன் மூஞ்சிகிட்ட வந்து, தெய்வசிகாமணி, நீ தான் இந்த ஜில்லாவுக்குக் கலெக்டரான்னான். ஆமான்ன. நான் செத்துப் பூட்டனான்னான். அதுக்கும் ஆமா. சிரிச்சான் பாரு, பல்லு இல்லாத வாய வெச்சிகினு. இது தான் உன் சாட்சியா மோட்டாருன்னுட்டு எழுந்து பூட்டான்.

நீ அழுத. பாத்தன். அழுது இன்னா ஆவும்? கண்ணுத் தண்ணிய எடுத்துகினு போயி நான் கோயிலாண்ட ஊத்தவா?

சரி, பாக்காத அப்பிடி. எந்த ஊருன்னு தான. காலைல அம்சவள்ளி போன் பண்ணா. நான் மெட்ராஸுக்குப் போறம்பான்னா.

எனக்கு வந்துச்சே கோவம். உங்க மாமன் வாயத் தொறக்கறதுக்கு ஒரு வழி வந்திருக்குது, அத வுட்டுட்டு எவனோ பெத்த பசங்களுக்குப் போறியாடின்னு கத்துனன். அவ கத்தல. நான் எதுக்கு இந்தப் படிப்புக்கு வந்தன்னு தெரியுமாப்பான்னா. மார்க்குக்கு இது தான் கெடச்சிச்சின்னு நான் நெனச்சிகினு இருக்கறன்.

பள்ளிக்கூடத்துல சேத்த புதுசுல, எழுந்து பேரச் சொல்லும்மான்னு டீச்சரு கேட்டாங்களாம். இது எழுந்து வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னால இருந்து பசங்க டுர்ருன்னு மோட்டாரு சத்தம் போட்டானுங்களாம். கிளாஸு முச்சூடும் சிரிப்பு. அன்னிக்கு மூடுன வாயி தானாம். ரெண்டாவது முடியற வரைக்கும் பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்த பேசலியாம் மச்சான் அந்தப் புள்ள. ஒண்ணுக்கு வருதுன்னு கேக்க வாய் வராம ஒக்காந்த எடத்துலயே பாவாடையில போயிடுமாம். வூட்டுக்கு வந்தா கலகலன்னு பேசும், எனக்கு எப்பிடித் தெரியும்? உன் தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்குது. நனஞ்ச பாவாடய அலசிப் போட்டவ அவ தான. எங்கிட்ட சொல்லல. சொன்னா நான் அருவாளத் தூக்கிகினு உன் வூட்டுக்கு வந்துடுவன்னு பயந்துட்டாளாம். அது நெசம் தான், வந்திருப்பன்.

இப்பிடி வூட்ல பேசி வெளிய பேசாத பசங்க நெறைய இருக்குதாம். ஊமைன்னு நெனச்சி வுட்டுடுவாங்களாம். மெட்ராஸ்ல ஒரு மேடம் அதுங்களுக்குன்னே பாக்கறாங்களாம். அவங்க கிட்ட படிக்கணுமாம்.

அப்ப மாமன் கதி இன்னான்னு கேட்டன். மங்களூர்ல இல்லப்பா, நான் எங்க படிச்சாலும் மாமாவுக்கு நாலஞ்சி வார்த்த தான் வரும்னா. தண்ணி, வலி, போதும், அப்பிடி. நீ கேக்கற அந்த விசயத்தக் கோத்து சொல்ற அளவுக்கு வராதுப்பா, போன மாசமே எனக்குத் தெரியும், உனக்குத் தான் சொல்லலன்னா.

மெட்ராஸுக்கே போன்னு சொல்லிட்டன்.

இன்னா பண்ணச் சொல்ற? ஆமாவா? ஒரு தடவையாவது எடத்துக்குப் பொருந்தற மாதிரி வருதா பாரு அது. நீ ஒண்ணும் சந்தோசப்பட்டுக்காத. நான் வுட்டுக் குடுத்தது அவளுக்கு, உனக்கு இல்ல. நாளைக்கும் நான் தான் கஞ்சி ஊத்துவன், நாளைக்கும் இதையே தான் கேப்பன், நீ படுத்துகினு கேட்டுத் தான் ஆவணும்.

கைய எடு. அந்த நல்ல கைய எடு மச்சான், என் மணிக்கட்டப் புடிச்சா தீந்துடுமா? எவ்ளோ அழுத்திப் புடிச்சாலும் அது பேச்சு ஆவாது. வுடு. நீ எனக்குச் சொல்ல வேண்டியது அப்பிடியே பாக்கி நிக்கிது.