மேல்மேட்டில் இருப்பவை ஆட்டுக்கொட்டகைகள் அல்ல

அடிக்கிற காற்றில் தொப்பி பறந்தாலும் தலைமை பறக்காமல் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் திராசிவூலோஸ் அவர்களே! இவள் என்ன உளறப் போகிறாளோ என்ற கவலையோடு தாடியைத் தடவிக்கொண்டிருக்கும் கோயில் சாமியார் அவர்களே! ஏதென்ஸிலிருந்து கப்பலேறி வந்து, காற்றாடிக் கம்பெனியின் வரைபடத்தை மேசையில் விரித்து, அது ஓடிவிடாமல் நாலு மூலையிலும் எங்கள் காபிக் கோப்பைகளை வைத்திருக்கும் பொறியாளர் லாம்ப்ரோஸ் அவர்களே! ஆலிவ் பறித்துப் பறித்துக் காய்த்த கைகளை மடியில் மடக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரியவர்களே! நாற்காலி காலியாக இருந்தும் காபிக்கடைச் சுவரில் சாய்ந்தே நிற்கிற என் வயதுக்காரர்களே! உங்கள் அனைவருக்கும் மேல்மேட்டு மனூசோஸின் மகள் ஆர்கிரோவின் அன்பு வணக்கம்.

"படிப்பைப் பாதியில விட்டவதானே, உனக்கெதுக்கு மைக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. காதில் விழுந்தது, மாமா. பாதியில் விட்டவள்தான். அதனால்தான் பேச்சையாவது முழுசாக முடித்துவிட்டு இறங்கலாம் என்று ஏறியிருக்கிறேன்.

காற்று நமக்குப் பகையா? இந்தக் கிரீட் தீவில் பிறந்த எவருக்காவது காற்று பகையா? நம் கதிரைத் தூற்றியது காற்று. நம் துணியை உலர்த்தியது காற்று. கோபத்தில் நாம் கத்தியதைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அள்ளிப் போனதும் இதே காற்று! அந்தக் காற்றில் மின்சாரம் எடுக்கட்டும். எடுத்துத் தரட்டும். காற்றாடியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எவ்வளவு தள்ளி?

அதற்கு விதி இருக்கிறது. நம் தலைவர் சற்று முன்பு படித்துக் காட்டினார். குடியிருப்பு என்றால் காற்றாடி அதைவிட்டு வெகுதூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும். பத்து வீடு சேர்ந்து இருந்தால் அது குடியிருப்பு. மேல்மேட்டில் பத்து வீடு இருக்கிறது. அப்படியிருக்க, வரைபடத்தில் ஏழாம் காற்றாடி ஏன் என் அண்ணி சம்பெட்டாவின் படுக்கையறை சன்னலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது? கம்பெனி செய்த சூதா? இல்லை. அரசாங்கம் செய்த சதியா? இல்லை. நாம் செய்தது! நாமே, நம் வாயால், நம் வாசலில் நின்று செய்தது!

கொட்டகைக்கு வீட்டுவரி கிடையாது. ஆகவே சுவர் எழுப்பினோம், கொட்டகை என்றோம். கூரை போட்டோம், கொட்டகை என்றோம். மாடி எடுத்தோம், பால்கனி வைத்தோம், பால்கனியில் பூந்தொட்டி வைத்தோம், அப்போதும் கூசாமல் கொட்டகை என்றோம். பத்து வீட்டில் ஒன்றுகூடப் பதிவேட்டில் வீடு இல்லை. இது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? சாமியாரே, உங்களுக்கும் தெரியும். புனித நீர் தெளித்துக் கிரகப்பிரவேசம் செய்துவைத்தது நீங்கள்தானே?

போன வசந்தத்தில் லாம்ப்ரோஸ் அவர்கள் அளக்க வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கையில் காகிதத்தோடு வருகிறவன் வரிக்காரன்தான் என்பது என் அப்பாவின் முடிவு. நான் அடுப்படியில் நின்று கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"ஐயா, இது வீடுதானே?"

"யாரு சொன்னா? ஆட்டுக்கொட்டகை."

அவர் சுற்றிப் பார்த்தார். சன்னலில் பின்னல் திரை. சுவரில் மாதாவின் படம், அதன் கீழே அணையாத விளக்கு. மூலையில் டிவி ஓடுகிறது.

"ஆடெல்லாம் எங்கங்கய்யா?"

"மேயப் போயிருக்கு."

"அப்ப டிவி?"

"திரும்பி வந்தா அதுங்களுக்குப் பொழுது போவ வேணாமா?"

"அந்தத் தொட்டில்?"

"குட்டிக்கு."

அந்த நேரம் பார்த்துத் தொட்டிலுக்குள்ளிருந்து குட்டி வீல் என்று அழுதது! என் அப்பாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "பசிக்குது போல" என்றார். லாம்ப்ரோஸ் எழுதிக்கொண்டார்: ஆள் குடியிருப்பு இல்லை. எழுதிவிட்டு, அண்ணி வைத்த தேன் ஊற்றிய பாலாடைக்கட்டியை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். தலையைக் குனியாதீர்கள் லாம்ப்ரோஸ், உங்கள் மேல் தப்பில்லை. சொன்னதை எழுதினீர்கள்.

அவர் அடுத்த வாசலுக்குப் போவதற்குள் அப்பாவின் போன் எல்லா வாசலுக்கும் போய்விட்டது. "கொட்டகைன்னு சொல்லுங்கடா!" மீதி ஒன்பது வீடும் ஒரே குரலில் கொட்டகை என்றது. நல்ல காரியத்துக்கு என்றைக்காவது நாம் இப்படி ஒற்றுமையாக இருந்திருக்கிறோமா?

என்ன மாமா? சத்தமாகச் சொல்லுங்கள். "ஏசுநாதரும் கொட்டகைலதான் பொறந்தாரு." உண்மை! ஆனால் மாதா பிள்ளையைப் பெற்றதும் கிளம்பிவிட்டாள் மாமா. அங்கேயே குடித்தனம் நடத்தவில்லை!

சிரித்துவிட்டோம். இனிச் சிரிக்க முடியாததைச் சொல்கிறேன்.

வரைபடம் காபிக்கடைச் சுவரில் ஒட்டப்பட்ட அன்று, அப்பாவும் அண்ணியும் முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அண்ணியின் மடியில் தூங்கியது. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆகும்வரை அவள் வெறும் பாப்பாதான்.

"மாமா, பாப்பாவுக்கு அத்தை பேரைத்தான் வைக்கப்போறோம்."

அப்பா நிமிரவில்லை. என் அம்மா கண்ணை மூடிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை.

"வெச்சுட்டு, அந்தப் பேரை எந்த வாசல்ல நின்னு கூப்பிடட்டும் மாமா? கொட்டகை வாசல்லயா?"

"அதுக்கு இப்ப என்னங்கற?"

"சன்னலுக்குப் பின்னால அது வந்து சுத்துச்சுன்னா, நாங்க ஹெராக்லியோன் டவுனுக்கே போயிடறோம். உங்க மகனும் சரின்னுட்டாரு. கோவமா சொல்லல மாமா. புள்ள தூங்கணும்ல."

அப்பா உரித்த பட்டாணியைத் தோலோடு சேர்த்துக் கொட்டினார். அதைக் கவனிக்கவே இல்லை.

அந்தச் சன்னலை அங்கே வைக்கச் சொன்னது என் அம்மா. காற்று வருகிற பக்கம் யாராவது சன்னல் வைப்பார்களா என்று கொத்தனார் கேட்டார். "வரட்டுமே, அது நம்ம ஆளுதானே" என்றாள். கல்லை அப்பா சுமந்தார், சாந்தை அம்மா குழைத்தாள். புத்தாண்டு தோறும், வீடு செழிக்கட்டும் என்று, அந்த வாசலில் மாதுளம்பழத்தை ஓங்கி அடித்து உடைப்பாள். முத்துகள் தெறித்த இடமெல்லாம் எங்கள் கால் சிவக்கும்.

கேட்கிறேன் ஊராரே! கொட்டகை வாசலில் யாராவது மாதுளம்பழம் உடைப்பார்களா? கொட்டகையில் யாராவது மணப்பெண்ணை வாசல்வரை வந்து வரவேற்பார்களா? கொட்டகையிலிருந்து யாராவது ஓர் உயிரை அழுது அழுது வழியனுப்புவார்களா? நாம் எல்லாம் செய்தோம். வீட்டில் செய்தோம். வெளியாளிடம் மட்டும் இல்லை என்றோம்.

இந்தக் கூட்டம் கலைவதற்குள் வீட்டுக்கு ஒருவராகப் பத்துப் பேரும் எழுந்து "வீடு" என்று சொன்னால், தலைவர் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டால் ஏழாம் காற்றாடியைக் கிழக்கு முகட்டுக்குத் தள்ளியே தீர வேண்டும்; அதை லாம்ப்ரோஸே ஒப்புக்கொண்டார். வரி வரும். அபராதமும் வரும். நான் மறைக்கவில்லை. உங்கள் வீடு உங்களுக்கு வீடாக இருக்க வேண்டுமென்றால், வாயைத் திறங்கள்!

அதோ, ரொட்டிக்கடை அத்தை எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அத்தை, வெட்கப்படாமல். வீடு! பக்கத்தில் அவர் தம்பி. வீடு! கோபத்தில் பேசாமலிருக்கும் இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். பரவாயில்லை, வீடு, வீடு! ஏசுநாதர் மாமா, முழங்கால் வலியோடு நீங்களுமா? உட்காருங்கள், எழுதியாயிற்று. எழுதுங்கள் தலைவரே, எழுதிக்கொண்டே இருங்கள்.

ஒன்பது. ஒன்பதுக்கு விதி இல்லை.

அப்பா.

தூணுக்குப் பின்னால இருந்தாலும் எனக்குத் தெரியுதுப்பா. நீங்க பொய்க்காரர்னு நான் சொல்ல வரல. எங்க வாயில போடறதுக்குத்தான் அந்த வரிக்காசை மிச்சம் பிடிச்சீங்க. இப்ப போதும்ப்பா. அண்ணி உங்களைத்தான் பார்த்துட்டு இருக்காங்க.

...

என் அப்பா எழுந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவரிடம் மைக் இல்லை. நான் சொல்கிறேன். "கொட்டகை இல்ல, தம்பி. அது கரிஃபாலியா வீடு."

என் அம்மாவின் பெயர். இத்தனை காலம் அவர் சொல்லாத பெயர்.

அண்ணி, அழாதீங்க, பாப்பா முழிச்சிக்குவா.

நாற்காலி தந்த காபிக்கடைக்கு நன்றி. கடைசிவரை மைக்கைப் பிடுங்காத தலைவருக்கு நன்றி. அளவெடுக்க மறுபடி மேடேறப் போகும் லாம்ப்ரோஸ் அவர்களே, பாலாடைக்கட்டி உண்டு, இம்முறை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகச் சாப்பிடுங்கள். எழுந்தவர்களுக்கு வணக்கம். எழ முடியாமல் கடைசியாக எழுந்தவருக்கு என் முத்தம்.

காற்று ஏறிவிட்டது. வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்.